முகமாறிக்கு முடியாதது

தன் கணவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று அவள் பதினான்கு வருடமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு, நிம்மதியும் உண்டு. ஏனென்றால் வீட்டுக்கு வெளியே அவள் கேட்பதெல்லாம் பொய்தான். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுகிற வேலை அவளுக்கு. நசுங்கிய பம்பருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நசுக்கியவன் சொல்லும் கதையைக் கேட்பாள். அலுவலகத்தில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். அவள் காதுபடவே சொல்வார்கள்.

பொய்யைப் பிடிக்க அவளிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் இருந்தது. பொய் சுத்தமாக இருக்கும். "திடீர்னு நாய் குறுக்க வந்துச்சு மேடம், பிரேக் போட்டேன், கம்பத்துல மோதிடுச்சு." அவ்வளவுதான், கழுவி விட்ட தரை மாதிரி. உண்மைக்குள் குப்பை கிடக்கும். "ஆரஞ்சுப்பழம் உரிச்சிட்டே ஓட்டினேன் மேடம், ஒரு சுளை சீட்டுக்கு அடியில விழுந்துடுச்சு, அதைத் தேடினேன்" என்று ஒருவன் சொன்னபோது, மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். அந்தச் சுளையால் அவனுக்கு நஷ்டமே தவிர லாபமில்லை. யாருக்கும் உதவாத விவரம் ஒன்று கதையில் இருந்தால் அவள் நம்பிவிடுவாள்.

கணவனுக்குச் செயற்கைப் பல் செய்யும் வேலை. பக்கத்துப் பல்லின் நிறத்தோடும் சாய்வோடும் ஒட்டிப்போகும்படி ஒரு பல்லை அரைநாள் உட்கார்ந்து ராவுவான். பேச்சு குறைவு. அவனுடைய சிநேகிதன் ஒருவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அந்த விளையாட்டு நடக்கும். பகடையும் பென்சிலும் காகிதமும் போதும். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்; ஒருவர் மட்டும் உலகத்தைச் சொல்லி, கதையை நடத்த வேண்டும். கதையை நடத்துகிறவரை நடத்துநர் என்றார்கள். நடத்துநர் என்றால் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர்தானே என்று அவள் முதல் நாளே கேட்டுவைக்க, அன்றிலிருந்து எக்ஸ்ரேக்காரன் பெயர் கண்டக்டர் ஆகிவிட்டது. அவனும் ஆட்டம் தொடங்கும்போது "ரைட், போலாம்" என்பான்.

கண்டக்டரிடம் ஒரு தடித்த நோட்டு இருந்தது. அதில் அவனே உருவாக்கிய இனங்கள். எந்த இனத்தில் பிறப்பது என்று அவரவரே முடிவு செய்யலாம். மற்ற விளையாட்டுக்காரர்கள் போல அவன் கொம்பையும் இறக்கையையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதவில்லை.

"நெருப்பைத் தின்னும், இருட்டுல கண்ணு தெரியும்னு எழுதினா அது மிருகக்காட்சிசாலை அண்ணி" என்றான் அவளிடம். "ஒரு இனத்தால என்ன முடியும்கிறதை விடுங்க. என்ன முடியாதுன்னு எழுதுங்க. அங்கதான் கதை பிறக்கும்."

அப்படித்தான் இறகினத்தாரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. கட்டைவிரல் உயரமே உள்ள அந்த இனத்தை எடுத்துக்கொண்டவர், ஆறடி உயரமும் அதற்கேற்ற பருமனும் உள்ள லிஃப்ட் மெக்கானிக். கல்லினத்தாரால் எதையும் மறக்க முடியாது. யாராவது துரோகம் செய்தால் அது அவர்கள் தோலில் கோடாக விழும், கடைசிவரை அழியாது. அதைப் படித்ததுமே அவள் "இது எனக்கு" என்றாள். அவள் கணவன் சாதாரண மனிதனாக, ஒரு படகோட்டியாக இருந்துகொண்டான்.

"உங்க கல்மகள் மேல என்ன கோடு இருக்கு அண்ணி?" என்று கண்டக்டர் கேட்டான்.

அவள் யோசிக்கவே இல்லை. "தோள்ல ஒண்ணு, ஆழமா. அவளுக்கு ஒரு அண்ணன். அம்மா செத்தப்போ வரலை. அப்புறமும் வரலை."

கணவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். லிஃப்ட் மெக்கானிக் 'உச்' கொட்டினார். அது கதையல்ல என்று அவருக்குத் தெரியாது. ஒன்பது வருடத்துக்கு முன் அவளுடைய அம்மா இறந்தபோது அண்ணன் வேறு ஊரில் வேலையில் இருந்தான். எரித்து முடித்த பிறகும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பிறகு இதே ஊருக்குக் குடிவந்து நீச்சல் குளத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்துவிட்டான் என்று அரசல் புரசலாகக் காதில் விழுந்தது. வந்தவனுக்கு நம் வீட்டு வழி தெரியாதா என்று அவள் இருந்துவிட்டாள்.

ஆட்டம் நாலு மாதம் சுமுகமாகப் போனது. ஐந்தாம் மாதம் கண்டக்டர் ஆளுக்கொரு மடித்த சீட்டைக் கொடுத்தான்.

"உங்கள்ல ஒருத்தர் இப்போ நீங்க நினைக்கிற ஆள் இல்லை. குகையில தங்கினீங்களே, அங்க மாத்திட்டாங்க. நம்ம கூட வர்றது ஒரு முகமாறி. மத்தவங்க சீட்டுல 'நீ நீயேதான்'னு இருக்கும்."

முகமாறி இனத்துக்குச் சொந்த முகம் கிடையாது. யாராவது மனதுக்குள் தேடிக்கொண்டிருக்கும் ஒருவரின் முகத்தை மாட்டிக்கொண்டு வரும். வேண்டும்போது வேறு முகமும் மாற்றும். அந்த இனத்தால் முடியாததும் நோட்டில் இருந்தது. கண்டக்டர் வாசித்துக் காட்டினான். தான் யார் என்பதில் அது பொய் சொல்லும். ஆனால் அந்த முகத்துக்குச் சொந்தக்காரன் வாழ்க்கையில் நடக்காத எதையும் அதன் வாயால் சொல்ல முடியாது.

அவள் சீட்டில் 'நீ நீயேதான்' என்று இருந்தது. அவளுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. வேலையில் செய்வதை விளையாட்டிலும் செய்யக் கிடைத்த வாய்ப்பு. முதலில் லிஃப்ட் மெக்கானிக்கைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். வழக்கத்தைவிட அவர் பேச்சு குறைந்திருந்தது. குடைந்து குடைந்து கேட்டதில், "கடைவாய்ப்பல் வலிக்குதுக்கா, விட்டுடுங்க" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். எந்தப் பல், எப்போதிலிருந்து, எந்தப் பக்கமாகப் படுத்தால் வலி கம்மி என்றெல்லாம் கேட்காமலே சொன்னார். அவள் அவரை விட்டுவிட்டாள்.

மீதி இருந்தது கணவன். ஒருநாள் காலை அவன் மெழுகு அச்சு ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"உங்க சீட்டுல என்ன இருந்துச்சு?"

"நீ நீயேதான்னு இருந்துச்சு" என்றான் அவன், கை நிற்காமல்.

அவள் கையில் காபித் தம்ளரோடு அங்கேயே நின்றாள். பதில் சுத்தமாக இருந்தது. அவன் எதைச் சொன்னாலும் நடுவில் ஒரு 'வந்து' இருக்கும், பாதியில் ஒரு இருமல் இருக்கும். இதில் எதுவுமே இல்லை. விளையாட்டுத்தானே என்று அடுப்படிக்குப் போனாள். ஆனால் அன்று முழுக்க எந்த வண்டியைப் பார்த்தாலும் அந்தப் பதில்தான் நினைவுக்கு வந்தது. இவ்வளவு நன்றாக அவனுக்குப் பொய் சொல்ல வருமென்றால், இதற்கு முன்னால் எங்கே பழகினான்?

சந்தேகம் வந்தபின் சும்மா இருக்கத் தெரியாதவள் அவள். அவன் போன் பேச பால்கனிக்குப் போவதைக் கவனித்தாள். துவைக்கப் போடும் சட்டைப் பையைத் துழாவினாள். பல் நிற எண்களைக் குறித்துவைக்கும் அவனுடைய சின்ன நோட்டைப் புரட்டினாள். ஏ-2, பி-3 என்று வரிசையாகப் போகிற எண்களுக்கு நடுவே ஒரு பக்கத்தில் 'எப்படி ஆரம்பிப்பது' என்று எழுதி அடித்திருந்தான். அதன் கீழே மறுபடி அதே வரி, அதுவும் அடித்தல். மூன்றாவது முறை 'எப்படி' என்பதோடு பேனா நின்றிருந்தது.

ஒரு ஆண் தன் மனைவியிடம் இப்படித் தயங்கித் தயங்கி ஆரம்பிக்க வேண்டிய விஷயம் என்னவாக இருக்கும்? அவன் வேலைசெய்யும் இடத்தில் வரவேற்பில் இருக்கும் பெண்ணின் முகம் ஒருமுறை வந்துபோனது. சீச்சீ என்று தள்ளினாள். மறுபடி வந்தது. அந்த வாரம் அவள் எழுதிய மூன்று அறிக்கைகளிலும், உண்மை சொன்னவனைக்கூட நம்பவில்லை.

அடுத்த ஞாயிறு ஆட்டம் ஒரு கயிற்றுப் பாலத்தில் தொடங்கியது. மூடுபனி. கல்மகள் காவலுக்கு நிற்கிறாள். படகோட்டியைக் கொஞ்ச நேரமாகக் காணோம்.

"பாலத்துல யாரோ நடந்து வர்ற சத்தம்" என்றான் கண்டக்டர். "பனிக்குள்ளேருந்து ஒரு முகம் தெரியுது. அண்ணி, அது உங்க அண்ணன் முகம்." பிறகு நோட்டை மூடிவைத்துவிட்டு அவள் கணவனைப் பார்த்தான். "இனிமே நீங்கதான் பேசணும் அண்ணே."

அவள் கைதட்டிச் சிரித்துவிட்டாள். "பார்த்தீங்களா! நான் நினைச்சேன். நீங்கதான் முகமாறி!"

லிஃப்ட் மெக்கானிக் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கணவன் மட்டும் சிரிக்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கைகளை மேசைக்கு அடியில் கொண்டுபோனான்.

"நான் வந்தேன்" என்றான்.

"யாரு? எங்க வந்தே?" என்று அவள் கல்மகளின் குரலில் மிரட்டினாள்.

"அம்மா போன நாலாவது நாள். காலையில. ராத்திரியெல்லாம் நின்னுட்டே பயணம். நீ தூங்கிட்டு இருந்தே." அவன் குரல் வழக்கமான குரலாக இல்லை, யாரோ எழுதிக்கொடுத்ததை வாசிப்பதுபோல மெதுவாக வந்தது. "கேட்டுல கை வெச்சேன். பெயிண்ட் காயலை. ரெண்டு விரல்ல பச்சையா ஒட்டிக்கிச்சு. துடைக்க ஒண்ணும் இல்லை. பைக்குள்ளேருந்து பயண டிக்கெட்டை எடுத்து அதுல துடைச்சேன்."

அவள் வாயில் வந்த அடுத்த வரி அங்கேயே நின்றது. கல்லினத்தாரின் ஊரில் கேட் கிடையாது, குகைகள்தான். யாரும் எதற்கும் பச்சைப் பெயிண்ட் அடிப்பதில்லை. அம்மா இறந்த வாரத்தில், ஏற்கெனவே பேசி வைத்திருந்த பெயிண்டர் வந்து கேட்டுக்குப் பச்சை அடித்துவிட்டுப் போனான். மறுநாள் பார்த்தால் கைபிடிக்குக் கீழே இரண்டு விரல் தடம். துக்க வீடென்றும் பாராமல் அவள் அந்தப் பெயிண்டரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டாள். "நான் வெக்கலைம்மா" என்று அவன் சத்தியம் செய்தான். அவள் நம்பவில்லை.

"கேட்டுல யாரு இருந்தா?" என்று கேட்டாள். இப்போது அது கல்மகளின் குரல் இல்லை.

"உன் வீட்டுக்காரர்."

"என்ன சொன்னாரு?"

"உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்னு அவ சொல்லிட்டா, போயிடுன்னு சொன்னாரு."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"நீ தூங்கிட்டு இருந்தே" என்றான் மறுபடியும்.

இறகினத்தாரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாதல்லவா. லிஃப்ட் மெக்கானிக் பகடையை உருட்டத் தயாராகக் கையில் குலுக்கினார். "அக்கா, நான் போட்டுப் பாக்கட்டுமா? இவன் பொய் சொல்றானா நிஜம் சொல்றானான்னு."

"வேணாம்" என்றாள். எழுந்து கைப்பையை எடுத்தாள். கண்டக்டர் எதுவோ புரிந்தவன்போல எழுந்து நின்றான்.

"உனக்குத் தெரியுமா தம்பி?"

"சத்தியமா தெரியாது அண்ணி. யார் முகம் வேணும்னு அவரே முடிவு பண்ணிக்கட்டும்னு விட்டுட்டேன். கேட், பெயிண்ட்... அதெல்லாம் என் நோட்டுல இல்லை."

மாடிப்படியில் இரண்டாவது திருப்பத்தில் கணவன் அவளை எட்டிப் பிடித்தான். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"எதுக்கு அப்படிச் செஞ்சீங்க?"

"நாலு நாளா நீ கண்ணே மூடலை. அன்னிக்குத்தான் தூங்கினே. அவரைப் பாத்ததும் வந்து... எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அத்தை ஆறு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ஒரு நாள் வந்து எட்டிப் பாக்காதவரு. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி வருவாருன்னுதான் நினைச்சேன். வரலை. ஒரு வாரம் கழிச்சுச் சொல்லியிருக்கலாம். ஒரு மாசம் போயிடுச்சு. அப்புறம்..." இருமினான். "அப்புறம் ஒவ்வொரு வருஷமும் அது பெருசாகிட்டே போச்சு."

"ஒன்பது வருஷம் என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க."

"அன்னிக்கு நீ அந்தத் தோள் கோட்டைச் சொன்னதும் தாங்கலை. என் மூஞ்சியை வெச்சுக்கிட்டு சொல்ல வரலை. அவர் மூஞ்சியை மாட்டிக்கிட்டாத்தான் வந்துச்சு."

அவளுக்குப் பளாரென்று ஒன்று விடலாம் போலிருந்தது. படியில் பாதி வழியில் ஒரு வீட்டுக் கதவு திறந்து யாரோ குப்பைப் பையை வெளியே வைத்தார்கள். இருவரும் சுவரோடு ஒதுங்கி நின்றார்கள். கதவு மூடியதும் அவள் கீழே இறங்கி நடந்தாள்.

அடுத்த இரண்டு நாள் வீட்டில் 'உப்பு', 'சாவி', 'கதவு' தவிர வேறு பேச்சில்லை. அவளுக்குள் இருந்த பூதக்கண்ணாடி ஓயவில்லை. சின்னத் தப்பை ஒப்புக்கொண்டு பெரிய தப்பை மறைப்பவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இதற்குப் பின்னால் இன்னும் என்ன இருக்கிறது? அண்ணனுக்கும் இவனுக்கும் இடையில் வேறு எதுவோ நடந்திருக்குமா? ஒரு பக்கக் கதையை மட்டும் கேட்டு அவள் என்றைக்கும் அறிக்கை எழுதியதில்லை. செவ்வாய்க்கிழமை மாலை, வண்டி பார்க்கிற வேலையை முடித்துக்கொண்டு நீச்சல் குளத்துக்குப் போனாள்.

குளோரின் வாடை மூக்கில் ஏறியது. குளத்தின் ஓரத்தில் அரைக்கால் சட்டையும் கழுத்தில் விசிலுமாக ஒருவன் தண்ணீரில் கிடந்தவர்களிடம் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான். முன்தலை வழுக்கையாகியிருந்தது. அவளைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது.

"பாப்பா" என்றான்.

அவள் தயாரித்து வைத்திருந்ததைக் கேட்டாள். "அம்மா போனப்புறம் நீ வீட்டுக்கு வந்தியா?"

"இப்பதான் கேக்கத் தோணுச்சா?"

"வந்தியா, இல்லையா?"

"வந்தேன். உன் வீட்டுக்காரர் திருப்பி அனுப்பிட்டாரு. கேட்டு ஈரமா இருந்துச்சு, கையெல்லாம் பச்சை." அவன் முகம் இறுகியது. "ஆனா அதுக்காக நான் வராம இருக்கலை. ஒரு மாசம் கழிச்சு மறுபடி வந்தேன்."

இது அவளுக்குப் புதிது. கணவனுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

"எதிர்ச் சாரியில, அந்தச் சைக்கிள் கடை ஓரமா நின்னேன். அவர் சொன்னது நிஜமான்னு உன் வாயால கேட்கலாம்னு. நீ வெளியில வந்தே. ஹெல்மெட்டைக் கையில வெச்சிருந்தே. நிமிர்ந்து என்னை நேராப் பாத்தே. அப்புறம் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டே. அதுக்கு மேல நான் எதுக்கு வரணும்?"

"நான் உன்னைப் பாக்கலைண்ணா."

"பாத்தே."

"சத்தியமா பாக்கலை. வேற எதையோ நினைச்சுட்டு இருந்திருப்பேன்."

"என்னத்தை நினைச்சிட்டு இருந்தே?"

அவள் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு ஒன்றுமில்லை. அது எந்த நாள் என்றே தெரியாது. எந்த வண்டியைப் பார்க்கப் போனாள், வெயிலா மழையா, எதுவும் நினைவில் இல்லை. பார்க்காத ஒன்றைப் பற்றி என்ன விவரத்தைச் சொல்வது? "பாக்கலை" என்கிற ஒற்றைச் சொல்தான் கையில் இருந்தது. அது சுத்தமாக இருந்தது. தன் முன்னால் உட்கார்ந்து யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், தானே நிராகரித்து எழுதியிருப்போம் என்று அவளுக்குத் தெரிந்தது. எத்தனை பேரை அப்படி எழுதி அனுப்பியிருக்கிறோமோ என்றும் தோன்றியது.

அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானது. அவள் பார்க்கிற பார்வைதான்.

"சரி விடு" என்றான். நம்பாதவன் சொல்கிற 'சரி'. "கிளாஸ் இருக்கு." விசிலை வாயில் வைத்துக்கொண்டு குளத்தின் மறுகோடிக்குப் போனான்.

அவள் போகவில்லை. ஈரமான சிமெண்ட் பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கணவனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணனைப் பாத்தேன்."

மறுமுனையில் ராவும் இயந்திரத்தின் சத்தம் நின்றது. "பேசினாரா?"

"பேசினாரு. நம்பலை."

"என்னையா?"

"என்னை" என்றாள். "இன்னொரு தடவையும் வந்திருக்காரு. நான் பாத்தும் பாக்காத மாதிரிப் போயிட்டேன்னு நினைச்சிட்டு இருக்காரு. நீங்க அன்னிக்கு என் பேரைச் சொல்லி அனுப்பினதாலதானே அப்படி நினைக்கிறாரு?"

"நான் வந்து சொல்லட்டுமா?"

அவள் குளத்தைப் பார்த்தாள். அண்ணன் மறுகோடியில் நின்று, அவள் இன்னும் இருக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வாங்க. ஆறு மணிக்குக் கிளாஸ் முடியுது."

அரைமணி நேரத்தில் கணவன் வந்துவிட்டான். பல் அச்சு மாவு படிந்த ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தான். வாசலில் டிக்கெட் கேட்டவரிடம் ஏதோ கெஞ்சி உள்ளே நுழைந்து, அவளைத் தாண்டி, நேராக அண்ணனை நோக்கி நடந்தான். அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தான்.

"ஷூவைக் கழட்டுங்க" என்றான். "இங்க ஷூ போட்டுட்டு வரக் கூடாது."

"வந்து... சரி" என்று கணவன் அங்கேயே ஈரத் தரையில் குந்தி, கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். முடிச்சு இறுகியிருந்தது. குனிந்த தலை நிமிராமலே பேச ஆரம்பித்தான். அவளுக்குப் பாதிதான் கேட்டது. "தூங்கிட்டு இருந்தா" என்பது கேட்டது. "அவ சொல்லவே இல்லை, நான்தான்" என்பது கேட்டது. தண்ணீரில் கிடந்தவர்கள் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள்.

அவன் சொல்லி முடிக்கும்வரை ஒரு ஷூதான் கழன்றிருந்தது. அண்ணன் நடந்து வந்து பெஞ்சின் மறுமுனையில், அவளிடமிருந்து ஒரு ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தான்.

"நெஜமாவே நீ என்னைப் பாக்கலையா பாப்பா?" என்று கேட்டான்.